அந்த எலக்ட்ரான் யாருடையது?

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், 'ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்கின்றன என்றால் எது யாருடையது? முறை வைத்து எடுத்துக்கொள்ளுமா?' என்று கேட்டாள். 'புத்தகத்தில் இருப்பதைப் படி' என்று அதட்டிவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவளை ஆங்கில வழிக்கு மாற்றிவிடலாமா?

– ஒரு வாசகர், களக்காடு

அன்புள்ள தம்பி,

அதட்டியது தப்பு. சின்னத் தப்பில்லை, பெரிய தப்பு. பிள்ளை கேள்வியின் வேரையே பிடித்திருக்கிறாள், நீங்கள் அதன் தலையில் தட்டியிருக்கிறீர்கள். ஆங்கில வழி பற்றி இப்போது பேச வேண்டாம். இப்படி எலக்ட்ரானைப் பகிர்ந்து சேர்வதைத் தமிழில் சகப்பிணைப்பு என்கிறோம், அது நல்ல சொல்தான்.

நாங்குநேரிப் பக்கம் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு பங்குக் கிணறு இருந்தது. நில எல்லை கிணற்றின் நடுவே போகும், இரண்டு பக்கமும் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை. வடம் உரசி உரசிக் கமலைக்கல்லில் விரல் புதைகிற அளவுக்குத் தடம் விழுந்திருக்கும். அப்பா பக்கத்துத் தடம் கொஞ்சம் ஆழம். பெரியப்பா அதைத் தொட்டுக் காட்டித்தான் சண்டைக்கு வருவார். "ஏல, மேக்க உள்ள ஊத்து எங்காட்டு ஊத்துலா!" அப்பா ஒருநாள் தண்ணீர் மொள்ளுகிற கூனையை இழுத்துக் கல்லில் வைத்துவிட்டு, "இதுல உங்க தண்ணி எதுன்னு எடுத்துக் காட்டுங்கண்ணே" என்றார். பெரியப்பா கூனைக்குள்ளேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் கிணற்றில் முறை உண்டு, இன்று உனக்கு, நாளை எனக்கு. அணுவில் அது கிடையாது. இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு அணுக்கருக்களும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. நடுவில் எலக்ட்ரான் அடர்த்தி கூடுகிறது, அணுக்கருக்கள் 74 பிக்கோமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன (ஒரு மீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் பிக்கோமீட்டர்). ஒரு மோல், அதாவது சுமார் இரண்டு கிராம், ஹைட்ரஜனில் அத்தனை பிணைப்பையும் அறுக்க 436 கிலோஜூல் வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் பக்கம் இழுப்பு கூடுதல்தான், அப்போதும் எலக்ட்ரான் அதன் தனிச் சொத்தாகிவிடாது.

எனக்குக் கோபம் வருவது அந்தப் புள்ளி, பெருக்கல் குறி படத்தின் மேல்தான். ஒரு அணுவின் எலக்ட்ரானுக்குப் புள்ளி, இன்னொன்றுக்குப் பெருக்கல் குறி. அதைப் பார்த்துப் பார்த்து, இரண்டும் வேறு வேறு என்று கல்லூரி போகிற வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். எலக்ட்ரானுக்கு அடையாளம் கிடையாது தம்பி. 1916-இல் அமெரிக்க வேதியியலாளர் லூயிஸ் ஹைட்ரஜனுக்கு எழுதியபோது இரண்டையுமே புள்ளியாகத்தான் போட்டார். 1927-இல் ஹைட்லர், லண்டன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இந்த எலக்ட்ரான் இந்த அணுவோடு, அந்த எலக்ட்ரான் அந்த அணுவோடு என்று பிரித்து வைத்தால், உண்மையான பிணைப்பு வலுவில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. எது எங்கே என்று சொல்ல முடியாது, இரண்டும் இடம் மாறியும் இருக்கலாம் என்று சேர்த்துக் கணக்கிட்டதும் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது! யாருடையது என்று கேட்க முடியாமல் போவதால்தான் அந்தப் பிணைப்பே நிற்கிறது. உங்கள் மகள் கை வைத்தது அந்த இடத்தில்.

இன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'அன்றைக்கு அதட்டினது என் தப்பு' என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு எலக்ட்ரானையும் புள்ளியாகவே போடச் சொல்லுங்கள். தேர்வில் பெருக்கல் குறி கேட்டால் போட்டுவிட்டு வரட்டும்.