குடியும் விசுவாசமும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். இப்போது ஜெர்மனியில், நியூரம்பெர்க்கில் வேலை. குடி பாவம் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். இங்கே நான் போகும் லூத்தரன் சபையில் ஐக்கிய விருந்தில் போதகரே பியர் பாட்டிலைத் திறந்து கையில் தருகிறார். முதலில் அதிர்ச்சியாக இருந்தது. பிறகு வேதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். வெறிக்காதே, அதாவது போதையேறக் குடிக்காதே என்றுதான் இருக்கிறது, குடிக்காதே என்று இல்லை. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர் கல்யாணம் இருக்கிறது, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் சொன்னது இருக்கிறது. இப்போது வார இறுதியில் ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கிறேன். இதயத்துக்கும் நல்லது என்கிறார்கள். குற்ற உணர்ச்சி இல்லை. டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். அம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா? மறைத்தால் மாய்மாலம் இல்லையா? நம் சபைகள் ஏன் இதை இன்னும் பிடித்துத் தொங்குகின்றன?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் ஊரில் ஒரு அடக்க ஆராதனைக்குப் போய்விட்டு வந்திருந்தேன். குடித்தே செத்தவர். பிரசங்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், அவ்வளவுதான். அந்த எரிச்சலில் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வசன விவகாரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உங்கள் பக்கம்தான் சரி. கானாவூரில் பரிமாறியது வெறும் பழச்சாறு என்று நம் பிரசங்கிமார் சொல்வது ஒப்பேற்றல். கோடைக் கடைசியில் பிழிந்த சாறு மறு வருஷப் பஸ்கா பண்டிகை வரைக்கும் புளிக்காமல் கிடக்க அங்கே ஃபிரிட்ஜா இருந்தது? கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் திட்டுகிறார். சாறு குடித்து எவனுக்கு வெறிக்கும்? புளிக்காத திராட்சரசத்தைப் பாட்டிலில் அடைத்து நற்கருணைக்கு (அப்பமும் ரசமும் கொடுக்கும் அந்தப் பந்திக்கு) கொடுக்கத் தொடங்கியதே 1869-இல், நியூஜெர்சியில் வெல்ச் என்ற பல் டாக்டர். அவர் மெதடிஸ்ட். அந்த மெதடிசத்தைத் தொடங்கிய வெஸ்லியோ சாராயத்தை எதிர்த்தவர், ஒயின் குடித்தவர். உங்கள் சபைக்குப் பெயர் தந்த லூத்தரின் மனைவி கத்தரீனா வீட்டிலேயே பியர் காய்ச்சினார். போதுமா?

இதயத்துக்கு நல்லது என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இலேயே சொல்லிவிட்டது. ருசிக்காகக் குடிக்கிறேன் என்று சொல்லுங்கள், கேட்க நன்றாயிருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது ‘பிடித்துத் தொங்குகின்றன’ என்ற இடத்தில். வசனத்தை வைத்து வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டீர்கள், சரி. எதிர்த்தரப்பு அந்தக் கோர்ட்டுக்கே வரவில்லையே. உங்கள் அம்மா, வெறிக்காதே என்று சொல்லும் எபேசியர் நிருபத்தை வாசித்தா குடியை வெறுத்தார்?

எங்கள் பாட்டையா பனையேறி. பாளை சீவ ஏறும்போது இடுப்பில் அருவாப்பெட்டியும் சுண்ணாம்பும் கூடவே ஏறும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பைத் தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதே பாளை, அதே கலயம், இறங்குவது கள். பதநீர் நேரே விடிலிக்கு, அதைக் காய்ச்சும் குடிசைக்கு வரும். பாட்டி புகைக்குள் உட்கார்ந்து பதம் பார்த்துப் பார்த்துக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, கருப்பட்டியாக்கிச் சந்தைக்கு அனுப்புவாள். அந்தக் காசு அவள் முந்தானையில் இருக்கும். கள்ளுக்குக் கிடைக்கும் காசு ஆம்பளை கைக்குப் போகும், கடை வாசலைத் தாண்டாது. எங்கள் பக்கத்துச் சபைகளில் மதுவிலக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் பெண்கள். அதற்குக் காரணம் அந்தச் சுண்ணாம்பு என்பது என் கட்சி. போதகர்மாருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. 1874-இல் அமெரிக்காவில் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் தொடங்கிய பெண்களும் புருஷன் கூலி வீடு வந்து சேராததைப் பார்த்தவர்கள்தான். (இன்று நம் ஊரில் கள்ளுக்குத் தடை, டாஸ்மாக்குக்கு அரசே முதலாளி. அதைத் தொட்டால் இந்தக் கடிதம் முடியாது.)

உடனே நான் சபைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் சித்தப்பா ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து குடியை விட்டார். எங்கள் கோயிலில் நற்கருணைக்கு நிஜ ஒயின். கோயில்குட்டி (கோயில் வேலைகளைப் பார்க்கும் ஊழியர்) ஜாடியில் ஊறப்போட்டு வடித்தது, வாசலிலேயே மணக்கும். பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு அப்பத்தை வாங்கிக்கொண்டார். ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) ஒயின் பாத்திரத்தை நீட்டியதும் உதட்டை இறுக்கி மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்து நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பின்னால் ஒருத்தர், "பாத்திரத்தையே தள்ளிட்டானே, திரும்ப ஆரம்பிச்சிட்டான் போல" என்றார். அதற்கப்புறம் நற்கருணை ஞாயிறுகளில் வெளி வராந்தாவில் உட்கார்ந்தார். பிறகு கோயிலுக்கே வரவில்லை. பிறகு கடைக்குப் போனார்.

குடிக்காதே என்று வருஷம் முழுக்கப் பிரசங்கம் பண்ணுகிற சபைக்கு, குடியை விட்ட ஒரு மனுஷனுக்கு ஒரு மடக்கு சாறு எடுத்து வைக்கத் தோன்றவில்லை. கத்தோலிக்கர் சட்டத்தில் ஒயின்தான் வைக்க வேண்டும். அங்கேகூடக் குடிநோயுள்ள குருவானவருக்கு ஆயர் அனுமதித்தால் புளிப்பு தொடங்கும்போதே நிறுத்திய சாறு செல்லும். இனி உங்களிடம் வருகிறேன். ஜெர்மனியில் பல புராட்டஸ்டன்ட் சபைகளில் ஒயினோடு திராட்சைச் சாறும் கொடுக்கிறார்கள், சில இடங்களில் சாறு மட்டும்தான். குடியை விட்டவர்களை நினைத்துத்தான். உங்கள் போதகர் விருந்தில் திறந்த பியர் பாட்டில் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. பீடத்தில் அவர் நீட்டிய பாத்திரத்தில் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா? பார்த்திருந்தால் எழுதியிருப்பீர்கள். ‘எனக்குப் பாவமா, இல்லையா’ என்று கடிதம் முழுக்க ஒரே ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார், தம்பி. பந்தியில் பக்கத்தில் யார் என்று ஒரு வரி இல்லை. சகோதரன் இடறுவான் என்றால் மதுவைக் குடிக்காதிருப்பதே நல்லது என்கிற ரோமர் பதினாலாம் அதிகாரத்தைத் தாண்டித்தானே தீமோத்தேயுவுக்குப் போயிருப்பீர்கள்?

குற்ற உணர்ச்சி இல்லை என்று உங்கள் முழுக் கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இல்லாதவர் இத்தனை தடவை சொல்லமாட்டார். அந்த உறுத்தல் கிடக்கட்டும், அவசரப்பட்டு விரட்ட வேண்டாம். நல்ல பிள்ளைக்குத்தான் அது இருக்கும்.

அம்மா கேட்டால் பொய் சொல்லாதீர்கள். கேட்காவிட்டால் நடுவீட்டில் நின்று பிரகடனம் பண்ணாதீர்கள். சம்பாதிக்கிற வயதில் இதற்கெல்லாம் ஒரு எழுத்தாளனைக் கேட்பார்களா?

டிசம்பரில் வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் தொடங்கிய ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டங்கள் உலகத்தில் எத்தனையோ தேவாலயக் கட்டடங்களில் நடக்கின்றன. உங்கள் ஊர் ஐயரைப் பார்த்து, சபை மண்டபத்தை வாரத்தில் ஒரு சாயங்காலம் அதற்குத் தருவாரா என்று கேளுங்கள். கமிட்டியைக் கேட்க வேண்டும் என்பார். கமிட்டியையும் பாருங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், மாய்மாலத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.