இதயத்தசை தடித்த அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) வந்திருக்கிறது. பக்கவாத அபாயத்தைக் கணக்கிடும் ஸ்கோர் பூஜ்யம் வந்தாலும் அவருக்கு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை தேவையா?

தேவை. இதயத்தசை தடித்தவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஈசிஜியில் பதிவாகிவிட்டால், ஸ்கோர் எதுவானாலும் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை தர வேண்டும் என்றுதான் அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 52 வயது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை என்று நீங்கள் கூட்டிய கணக்கில் தடித்த தசைக்கு மார்க்கே கிடையாது. ஆஸ்பிரின் இதற்கு மாற்று ஆகாது.

தடித்த தசை சரியாகத் தளராது. உள்ளே வரும் ரத்தத்தின் அழுத்தம் பின்னால் இடது மேலறையில் ஏறி, அந்த அறை வருடக்கணக்கில் விரிந்துகொண்டே போகும். துடிப்பு தாறுமாறாவதும், ரத்தம் தேங்கி உறைவதும் அங்கேதான். எக்கோ ரிப்போர்ட்டில் 'எல்.ஏ.' (இடது மேலறையின் அளவு) என்ற வரியைப் பாருங்கள், 45 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் அதைக் காட்டிப் பேசுங்கள்.

வீட்டில் நாடி பார்க்கும்போது 15 நொடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து முழு 60 நொடி எண்ணுங்கள். ஒழுங்கில்லாத நாடியில் குறுக்குவழி ஏமாற்றிவிடும்.

அவருக்கு இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பாதையில் அடைப்பும் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால் டிகாக்ஸின் என்ற இதய மாத்திரை பொதுவாக ஒத்துவராது. அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகளும் அடைப்பைக் கூட்டலாம். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வயிற்றுப்புண், முன்பு ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மயங்கி விழுந்தாலோ, வாய் கோணினாலோ, நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.