தோட்டத்துப் புளிப்புச் செர்ரியை என்ன செய்வது?

ஜெர்மனியில் குடிவந்த வீட்டின் பின்னால் செர்ரி மரம் இருக்கிறது, பழம் கறுத்துச் சிவந்திருந்தும் வாயில் வைத்தால் பல் கூசுகிறது, வீட்டுக்காரம்மா அதை 'ஷாட்டன்மொரெல்லெ' என்கிறார், இதைச் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் இது சமையல் பழம். கடையில் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து விற்பதும் இதே ரகம்தான், கருங்காட்டுக் கேக்கின் (பிளாக் ஃபாரஸ்ட் கேக்) நடுவில் இருப்பதும் இதுதான். (அந்தக் கேக்கில் கிர்ஷ்வாஸர் என்ற செர்ரிச் சாராயம் சேர்ப்பார்கள். குழந்தைகளுக்கு வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.) 'ஷாட்டன்' என்றால் நிழல். பாதி நிழலிலும் காய்க்கும் என்பதால் வடக்குச் சுவரோரம்கூட நட்டிருப்பார்கள். பிரான்சில் மொரெய் என்ற கோட்டையின் பெயர் திரிந்து இப்படி ஆனது என்றும் ஒரு கதை உண்டு. ஆங்கிலத்தில் மொரெல்லோ.

இனிப்புச் செர்ரியெல்லாம் ஓய்ந்த பிறகு, ஜூலை கடைசியில்தான் இது நன்றாகப் பழுக்கும். அதுவரை விட்டுவையுங்கள், புளிப்பு கொஞ்சம் அடங்கும். கையால் இழுத்தால் காம்பு மரத்திலேயே நின்று பழம் கிழிந்துவிடும். கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். கொட்டை எடுக்கக் கொண்டை ஊசி போதும்: வளைந்த பக்கத்தைக் காம்பிருந்த குழியில் விட்டு நெம்பினால் கொட்டை மட்டும் வெளியே வரும். சாறு அடர்சிவப்பு, தெறிக்கும். பழைய சட்டை போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

ஜாம் செய்வதானால் சூப்பர்மார்க்கெட்டில் ஷெலியர்ட்சுக்கர் கேளுங்கள். ஜாமை இறுக வைக்கும் பெக்டின் கலந்த சர்க்கரை அது. உறையில் 2:1 என்றிருந்தால் இரண்டு பங்கு பழத்துக்கு ஒரு பங்கு. ஆனால் என்னைக் கேட்டால் முதல் கூடையைப் பச்சடிக்கு வைப்பேன். மாங்காய்ப் பச்சடி மாதிரியேதான்: வெல்லம், மிளகாய்த்தூள், உப்பு, கடைசியில் கடுகு தாளிப்பு. புளி வேண்டாம். தயிர்சாதத்துக்கு அப்படிப் பொருந்தும்.

அப்புறம், போன வருடம் விட்ட கொப்பில்தான் இந்த ரகம் காய்க்கும். வெட்டாமல் விட்டால் கிளைகள் வெறுங்கயிறாகத் தொங்கி, நுனியில் மட்டும் நாலு பழம் இருக்கும். அறுவடை முடிந்ததும் காய்த்து ஓய்ந்த கொப்புகளைக் கழிக்க வேண்டும். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள்.