தம்பி சர்டிஃபிகேட் தருகிறேன் என்கிறான், மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் முடிக்கப் போகிறாள். கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்க ஆசை. கோடை விடுமுறையில் பதினைந்து நாள் எங்காவது போய், வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிறாள். என் தம்பி சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறான். "பிளான்ட்டுக்குள்ளேயே விடச் சொல்றேன் அக்கா, அவ வராவிட்டாலும் சர்டிஃபிகேட் வாங்கித் தர்றேன்" என்கிறான். என் கணவரோ, "படிக்கிற பிள்ளையை வேலைக்கு அனுப்பிட்டான்னு ஊர் பேசும்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: முதலில் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். படிப்பை முடித்த பிறகுதான் இந்த வேலை நமக்கு ஒத்துவராது என்று பலருக்குத் தெரிகிறது. அவள் முன்கூட்டியே பார்க்க நினைக்கிறாள்.

ஆனால் சிப்காட் வேண்டாம். குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் பஸ்ஸில் போனாலே மூக்கைப் பொத்துகிறோம், அதற்காக மட்டும் சொல்லவில்லை. 14 வயது நிரம்பி 18 ஆகாத பிள்ளைகளை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்று 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், ஆபத்தான ரசாயனத் தயாரிப்பு எல்லாம் அதில் அடக்கம். சம்பளம் கொடுத்தால்தான் குற்றம் என்பதில்லை. வேலை செய்ய அனுமதிப்பதையே சட்டம் தடுக்கிறது. சும்மா பார்க்கத்தான் என்று உள்ளே போகிற பிள்ளையின் கையில் இரண்டாம் நாள் யாராவது ஒரு வாளியைக் கொடுப்பார்கள். ஏதாவது ஆகிவிட்டால் மாட்டிக்கொள்வது உங்கள் தம்பியும்தான்.

போகாமலே வருகிற சர்டிஃபிகேட்டை மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்குக் கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று 200-க்குத்தான் கட் ஆஃப் போடுகிறார்கள். அந்தத் தாளுக்கு அரை மார்க்கூடக் கிடையாது. பதினாறு வயதில் பொய்த் தாளில் பெயர் போட்டுப் பழக்குவானேன்?

சரி, எங்கே அனுப்புவது? நானாக இருந்தால் ஒரு பரிசோதனைக் கூடமாகப் பார்ப்பேன். கடலூரிலேயே வேளாண் துறையின் மண் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. விவசாயிகளின் மண்ணை நிழலில் உலர்த்தி, மரச் சுத்தியால் தட்டி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்பார்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து கார அமிலத் தன்மை பார்ப்பார்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளக்கும்போது கரைசல் நீலமாக மாறும். நீலம் ஏற ஏற மணிச்சத்து அதிகம். பாடப்புத்தகத்தில் அவள் மனப்பாடம் செய்தது அங்கே ஒருவரின் நெல் வயலுக்கு எவ்வளவு உரம் என்று முடிவாகிறது. அடுத்த மாதிரிக்கும் அதே சல்லடை, அதற்கடுத்ததற்கும் அதே சல்லடை. அந்தச் சலிப்பை அவள் தாங்குகிறாளா என்று பார்ப்பதுதான் இந்தப் பதினைந்து நாளின் முக்கியமான பலன் என்பேன்.

அரசு அலுவலகம், "பள்ளிப் பிள்ளைகளை எடுப்பதில்லை" என்று கைவிரிக்கலாம். அப்படியானால் தண்ணீர், உணவுப் பொருள் சோதிக்கும் தனியார் கூடங்களில் கேளுங்கள். பெரிய பெயரைத் தேட வேண்டாம். அவள் கேட்கும் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். (பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் இடத்தை யாராவது சொன்னால், அதுவும் வேண்டாம். கொட்டையின் ஓட்டு எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடும்.)

தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி, மகளே நேரில் போய்க் கொடுக்கட்டும். நீங்கள் வாசலில் நில்லுங்கள், பேசுவது அவளாக இருக்கட்டும். அப்புறம் நேரம். இந்த வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். காத்திருக்கும் நேரமும் ஓய்வும் சேர்த்தே ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை கூடவே கூடாது. வேலைக்கே இப்படி என்றால், கற்க வருகிற பிள்ளைக்கு இதைவிடக் கூடுதலாக யாரும் கேட்க நியாயமில்லை. அங்கே இன்னொரு பெண் ஊழியர் இருக்கிறாரா என்று முதல் நாளே பாருங்கள். யாராவது தப்பாக நடந்தால் உடனே வீட்டில் சொல்லலாம், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் போன் செய்யலாம் என்று அவளிடம் தயங்காமல் பேசி வையுங்கள்.

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. பிள்ளையைச் சம்பாதிக்க அனுப்பியதாக நாலு பேர் சொல்வார்களே என்கிற கூச்சம். வாதம் செய்யாதீர்கள். கடிதம் கொடுக்கப் போகிற அன்று அவரையே வண்டியில் கூட்டிப் போகச் சொல்லுங்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் சோதனைக் குழாயோடு நிற்பதைப் பார்த்தால் பாதி இறங்கிவிடுவார்.

தம்பியையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்ப வேண்டாம். அவர் போய்வரும் ஆலையில் ஷிப்ட் பார்க்கிற கெமிக்கல் இன்ஜினீயர் யாராவது இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். நைட் ஷிப்ட் எப்படி இருக்கும், வால்வு கசிந்தால் முதலில் என்ன செய்வார்கள், பெண்களை எந்த வேலையில் வைத்திருக்கிறார்கள் என்று மகள் கேட்கட்டும். நீங்கள் காபி போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படியில் இருங்கள்.