வந்தவர், போனவர், காயம்பட்டவர்: துலூஸ் ரக்பி அணி பற்றிய கேள்விகள்

பிரான்ஸின் துலூஸ் அணியைப் பற்றி வந்த கடிதங்களில், வீரர் சேர்ப்பையும் விலகலையும் காயங்களையும் தொட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: காற்பந்தில் ஒரு வீரருக்குக் கோடிக்கணக்கில் விலை பேசுகிறார்கள். ரக்பியில் அப்படிச் செய்திகள் அதிகம் வருவதில்லையே, ஏன்?

பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன், 1995 ஆகஸ்ட் வரை, ஆடுவதற்குச் சம்பளம் வாங்கக் கூடாது என்று விதி வைத்திருந்த ஆட்டம். ஆகவே வீரரை ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு விற்கும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை. பெரும்பாலும் வீரர் தம் ஒப்பந்தம் முடியும்வரை ஆடுவார்; முடிந்ததும் கைவீசிக்கொண்டு அடுத்த அணிக்குப் போவார்; பழைய அணிக்குக் கிடைப்பது ஒரு நன்றிவிழாவும் கைத்தட்டலும்தான்.

விதிவிலக்கு உண்டு. 2021-ல் துலூஸ் ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பையையும் பிரெஞ்சு லீகான டாப் 14-ஐயும் ஒரே பருவத்தில் வென்றது. லீக் இறுதிப்போட்டியில் மைதானத்தின் நடுப்பகுதியிலிருந்து டிராப் கோல் (பந்தைக் கீழே விட்டு, அது தரையில் பட்டு எழும்போது உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்துவது) அடித்து அரங்கத்தை எழுந்து நிற்கச் செய்த தென்னாப்பிரிக்க விங்கர் (மைதானத்தின் ஓரத்தில் ஓடுபவர்) செஸ்லின் கோல்பியை, ஒப்பந்தக் காலம் இன்னும் மீதமிருந்தபோதே, தூலோன் அணி ஈட்டுத்தொகை கொடுத்து அழைத்துக்கொண்டது. (பெயர் ஒலி ஒத்திருந்தாலும் தூலோன் வேறு ஊர், வேறு அணி; இதை எழுதும்போது நானே இரண்டு முறை மாற்றி எழுதித் திருத்தினேன்.) வெற்றிக் களிப்பு அடங்கும் முன்பே அணியின் மிக அழகான ஓட்டக்காரர் போய்விட்டார் என்று ரசிகர்கள் வருந்தினார்கள். ஆனால் சம்பள உச்சவரம்பு இருக்கும் லீகில், ஒரு பெரிய சம்பளம் கணக்கிலிருந்து இறங்கினால் அந்த இடத்தில் இரண்டு மூன்று நடுத்தரச் சம்பளங்களுக்கு வழி பிறக்கும் என்பதையும் நிர்வாகம் பார்த்திருக்கும்.

அந்த உச்சவரம்பு டாப் 14-ல் ஒரு பருவத்துக்கு 1 கோடியே 7 லட்சம் யூரோ அளவில் இருக்கிறது. தேசிய அணிக்கு வீரர்களை அனுப்பும் கிளப்புகளுக்குச் சிறு சலுகையும் உண்டு. உச்சவரம்பை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் சாரசென்ஸ் அணியே சாட்சி. 2019-ல் அதற்கு 53 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதமும் 35 புள்ளிகள் குறைப்பும் விதிக்கப்பட்டன. அந்தப் பருவத்தின் முடிவில், ஐரோப்பாவிலேயே சிறந்த வீரர்கள் சிலரை வைத்துக்கொண்டு, அது இரண்டாம் நிலை லீகுக்கு இறங்கியது.

கேள்வி: பணம் இருக்கும் பிரெஞ்சு அணிகள் பசிபிக் தீவுகளிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் ஒரு முழு அணியையே இறக்குமதி செய்துவிடலாமே?

முன்பு ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள். அதைக் கட்டுப்படுத்தவே ‘ஜிஃப்’ எனப்படும் விதி வந்தது. போட்டி நாளில் பெயர் கொடுக்கப்படும் 23 பேரில், பருவம் முழுவதற்குமான சராசரியாக 16 பேர் பிரெஞ்சுப் பயிற்சி முறையில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். இங்கே குடியுரிமை கணக்கில் வராது. இளமையில் எங்கே ஆடக் கற்றார் என்பதே கணக்கு. ஆகவே புத்திசாலியான அணி, பெயர்பெற்ற முப்பது வயதுக்காரரைத் தேடுவதைவிட, யாரும் அறியாத இருபது வயதுக்காரரைக் கொண்டுவந்து வளர்ப்பதில் கண்ணாக இருக்கும். ஸ்க்ரம் எனும் கூட்டுத் தள்ளலில் இரண்டாம் வரிசையில் நிற்கும் துலூஸின் பெருவீரர் இம்மானுவேல் மெயாஃபூ ஆக்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 140 கிலோவுக்கு மேல் எடையுள்ள அவர் 2018-ல் இளைஞராக வந்து சேர்ந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று 2024-ல் பிரான்ஸின் சட்டையை அணிந்தார்.

கேள்வி: 2025 மார்ச்சில் அந்துவான் துப்போன் முழங்கால் காயத்தால் பருவத்தையே இழந்தார். உலகின் தலைசிறந்த ஸ்க்ரம் ஹாஃப் இல்லாமல் துலூஸ் எப்படி லீகை வென்றது?

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எனவே சற்று விரித்தே சொல்கிறேன். ஸ்க்ரம் ஹாஃப் என்பவர், முன்னணி வீரர்கள் மோதி வென்ற பந்தை எடுத்துப் பின்னால் நிற்பவர்களுக்குக் கடத்தும் ஒன்பதாம் எண் ஆட்டக்காரர்.

முதலில் காயம். 2025 மார்ச் 8 அன்று டப்ளினில், ஐரோப்பாவின் ஆறு தேசிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் ஆறு நாடுகள் போட்டியில் அயர்லாந்துக்கு எதிராகப் பிரான்ஸ் ஆடியது. ஆட்டம் அரை மணி நேரத்தை நெருங்கும்போது ஒரு ரக் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் நின்றபடி தள்ளிக்கொள்ளும் நெரிசல்). பந்துக்கு மேல் குனிந்து நின்ற துப்போனின் வலது கால் தரையில் ஊன்றியிருந்தது. ரக்கைக் கலைக்க வந்த எதிரணி வீரரின் உடல் அந்தக் காலின்மீது சாய்ந்தது. கால் நகர இடமில்லை, மேலே இருந்த எடையோ நகர்ந்துவிட்டது. நடுவில் இருந்த முழங்கால் கொடுத்துவிட்டது. முன்குறுக்குத் தசைநார் அறுந்தது. 2018-லும், அதே அயர்லாந்துக்கு எதிராக, அதே முழங்காலில் அதே தசைநார்தான் அறுந்திருந்தது. இந்தக் காயத்துக்கான அறுவை சிகிச்சையில், உடலின் வேறிடத்திலிருந்து எடுத்துப் பொருத்தும் தசைநாண் முதல் சில மாதங்களில் வலுவடையாமல், மாறாகத் தளர்ந்து, பிறகே மெல்ல உயிர்பிடிக்கும். வீக்கம் வற்றி, வலி போய், வீரர் ஓடத் தொடங்கும் நாளுக்கும் அவர் மோதத் தகுதியாகும் நாளுக்கும் இடையில் பல மாதங்கள் இருப்பது அதனால்தான். துப்போன் நவம்பர் இறுதியில்தான் திரும்பினார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆறு நாடுகள் போட்டி நடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் டாப் 14 முழுவதுமாக நின்றுவிடுவதில்லை. பிரான்ஸ் அணிக்கு அதிகம் பேரை அனுப்பும் துலூஸ், தன் முதல்தர வீரர்களில் பலர் இல்லாமலே அந்த வாரங்களின் லீக் ஆட்டங்களுக்குப் போக வேண்டும். அதாவது, துப்போன் இல்லாமல் ஆடுவதை அந்த அணி ஆண்டுதோறும் ஒத்திகை பார்த்துவந்திருக்கிறது. பயிற்சியாளர் ஊகோ மொலா 2015 முதல் இந்தக் கணக்கைப் போட்டுப் பழகியவர். 2022-ல் ஆழான் அணியிலிருந்து ஸ்க்ரம் ஹாஃப் போல் கிராவூவை அழைத்துவந்தார்கள். 2024-ல் ஜப்பானின் தேசிய ஸ்க்ரம் ஹாஃப் நவோட்டோ சைட்டோவையும் சேர்த்தார்கள். இரண்டு செய்திகளும் பத்திரிகைகளில் சிறு பெட்டிச் செய்தியாகவே வந்துபோயின. துப்போன் படுத்துவிட்ட பிறகு ஒன்பதாம் எண் சட்டையின் பாரம் இந்த இருவர் தோளில் விழுந்தது. ஜூன் 28 அன்று நடந்த இறுதிப்போட்டியில் போர்தோ அணியை, கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்று, 39–33 என்ற கணக்கில் துலூஸ் வென்றது. துப்போன் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணக்கில் 2025-ன் மிகச் சிறந்த சேர்ப்பு, கிராவூ வந்த 2022-லேயே நடந்துவிட்டது. துப்போனுக்குப் பின்னால் வரிசையில் நிற்க ஒப்புக்கொள்ளும் நல்ல ஆட்டக்காரர் கிடைப்பது அரிது. வேறு அணியில் முதலிடம் கிடைக்கக்கூடியவரை, ஆண்டில் பாதி நாள் பெஞ்சில் உட்காரச் சம்மதிக்க வைப்பது, நட்சத்திரத்தை அழைத்து வருவதைவிடக் கடினமான பேச்சுவார்த்தை.

பத்தாம் எண்ணிலும், அதாவது ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை ஹாஃப் இடத்திலும், இதே கதைதான். 2023 ஆகஸ்டில், உலகக் கோப்பைக்குச் சில வாரங்கள் முன்பு, பிரான்ஸ் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஆடிய முன்னோட்ட ஆட்டத்தில் துலூஸின் ரொமேன் ந்தமாக்கின் முழங்கால் தசைநார் அறுந்தது. அவர் திரும்பும்வரை எல்லாருக்கும் பின்னால் நிற்கும் ஃபுல்பேக்கான தோமா ராமோஸை ஃப்ளை ஹாஃப் இடத்தில் நிறுத்த முடிந்தது. ராமோஸ் முன்னே நகர்ந்தால் பின்னால் காலியாகும் இடத்துக்கு ஆள் வேண்டுமல்லவா? 2023 டிசம்பரில் எடின்பரோவிலிருந்து பிளேர் கிங்ஹார்ன் பருவத்தின் நடுவிலேயே வந்து சேர்ந்தார். அந்தப் பருவத்தில் துலூஸ் மறுபடியும் இரண்டு கோப்பைகளையும் வென்றது.

கேள்வி: ஜாக் வில்லிஸ் முழங்கால் சிதைந்து ஓராண்டுக்கு மேல் ஆடாதவர். அப்படிப்பட்டவரைத் துலூஸ் ஏன் சேர்த்தது?

2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்காக இத்தாலிக்கு எதிராக ஆடியபோது, ரக்கில் எதிரணி வீரர் அவரைப் பிடித்து உருட்டிய உருட்டலில் அவருடைய முழங்காலின் பல தசைநார்கள் ஒரே நேரத்தில் அறுந்தன. அவ்வகை உருட்டலைத் தடைசெய்யும்படி விதியே பின்னர் இறுக்கப்பட்டது. அவர் மீண்டு வந்து இங்கிலாந்தின் வாஸ்ப்ஸ் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தபோது, 2022 அக்டோபரில் அந்தக் கிளப் கடனில் மூழ்கிக் கைவிரித்தது. வீரர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். பருவத்தின் நடுவில், ஈட்டுத்தொகை இல்லாமல், இருபத்தைந்து வயதில், பந்தைப் பறிப்பதில் முதல்தரமான ஒரு ஃப்ளாங்கர் (ஸ்க்ரமின் பக்கவாட்டில் நிற்பவர்) சந்தையில் நிற்பது பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும். பழைய காயத்தின் அபாயத்தைத் துலூஸ் அறிந்தே ஏற்றது. அதற்கு விலை கொடுத்தவர் வில்லிஸ்தான்: வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுபவரை இங்கிலாந்து பொதுவாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதால், 2023 உலகக் கோப்பைக்குப் பிறகு தேசியச் சட்டை அவருக்கு எட்டாததாகிவிட்டது.

கேள்வி: தலையில் அடிபட்டு வெளியேறியவர் தம் காலால் நடந்துதான் போகிறார். அடுத்த வார அணியில் ஏன் அவர் பெயர் இல்லை?

நடக்க முடிவது எதற்கும் சான்றாகாது. சந்தேகம் எழுந்தால் வீரரை வெளியே அழைத்துச் சென்று 12 நிமிடத்துக்குள் நினைவாற்றல், சமநிலை முதலியவற்றைச் சோதிக்கிறார்கள். தலை அதிர்ச்சி உறுதியானால் படிப்படியான திரும்புதல் முறை தொடங்கும்; முன்பே தலை அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு 2022 முதல் குறைந்தது 12 நாள் ஓய்வு என்று உலக ரக்பி அமைப்பு வகுத்திருக்கிறது. 2003-ல் இங்கிலாந்துடன் உலகக் கோப்பை வென்ற ஸ்டீவ் தாம்சன், அந்த வெற்றியே தமக்கு நினைவில் இல்லை என்று 2020-ல் சொன்ன பிறகு, இந்த விஷயத்தில் ரசிகர்களின் அவசரத்தை நான் ஆதரிக்கத் தயாராக இல்லை.

கேள்வி: புதிய பருவத்தின் சேர்ப்புப் பட்டியல் வெளியாகும்போது முதலில் எதைப் பார்க்கிறீர்கள்?

விங்கர்களைக் கடைசியில் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது ஸ்க்ரமின் முன்வரிசை: ஓரங்களில் இரண்டு ப்ராப், நடுவில் ஒரு ஹூக்கர், அவர்களுக்கு மாற்றாக யார் என்பது. இந்த மூன்று இடங்களுக்கும் பயிற்சி பெற்றவர் இல்லாவிட்டால் ஸ்க்ரமில் தள்ளவே நடுவர் அனுமதிக்க மாட்டார். ஆகவேதான் 23 பேரில் ஆறு பேர் முன்வரிசை ஆடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2023 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் தென்னாப்பிரிக்காவின் ஹூக்கர் போங்கி ம்போனாம்பி சில நிமிடங்களிலேயே காயத்தால் வெளியேறினார். முதன்மையாக ஸ்க்ரமின் பின்வரிசையில் ஆடுபவரான டியான் ஃபூரி, 37 வயதில், மீதி ஆட்டம் முழுவதும் அந்த இடத்தில் நின்று ஸ்க்ரமைத் தாங்கினார். ஆட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 12–11 என்று வென்றது.