பத்து நிமிடத்தில் முடித்திருப்பீர்களா?

கேள்வி: நான் மெக்கானிக்கல் இன்ஜினியர், வயது 31. எட்டு வருடமாக பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பம்ப் ஒன்று பழுதாகி வழக்கு வந்தது. டிராயிங்குகளைத் தொகுத்து வக்கீலிடம் கொடுக்கும் வேலை எனக்கு. விசாரணையன்று கோர்ட்டில் உட்கார்ந்திருந்தேன். "பேரிங் என்றால் என்ன?" என்று சாட்சியிடம் எங்கள் வக்கீலே கேட்கிறார்! நான் பேசியிருந்தால் பத்து நிமிடத்தில் முடித்திருப்பேன். அன்றிலிருந்து சட்டம் படித்து விசாரணை வழக்குகள் நடத்தும் வக்கீலாக வேண்டும் என்று ஆசை. படித்த இன்ஜினியரிங் வீணாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். வீணாகுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வீணாகாது. ஆனால் அந்தப் பத்து நிமிடம்தான் இடிக்கிறது.

நீங்கள் வக்கீலாக அங்கே நின்றிருந்தால் அந்தப் பத்து நிமிடம் உங்களுக்குக் கிடைத்தே இருக்காது. தன் கட்சிக்காரருக்காக வாதாடிக்கொண்டே வக்கீல் சாட்சியும் சொல்ல முடியாது. பேரிங் ஏன் தேய்ந்தது என்பது உங்களுக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்தாலும் சரி, அது கூண்டில் நிற்பவர் வாயிலிருந்தோ ஓர் ஆவணத்திலிருந்தோ வந்தால்தான் கணக்கு. தெரிந்ததை விழுங்கிக்கொண்டு அதை இன்னொருவர் வாயால் சொல்ல வைப்பதுதான் இந்தத் தொழில். இன்ஜினியர்களுக்கு இது லேசில் வராது.

எனக்கும் வரவில்லை. நானும் டிசைன் மேஜையிலிருந்து எழுந்து வந்தவன்தான். நான் செய்த முதல் குறுக்கு விசாரணையே ஒரு ஷாஃப்ட், அதாவது இயந்திரத்தில் சுழலும் தண்டு, உடைந்த வழக்கு. ஒரேயடியாக அதிக லோடு ஏற்றியதால் உடைந்தது என்று எதிர்த்தரப்பு நிபுணர் அறிக்கை கொடுத்திருந்தார். உடைந்த முகத்தின் போட்டோவில், கடற்கரை மணலில் அலை விட்டுப்போன தடம்போல வளைவு வளைவாக வரிகள். அது ஃபெட்டீக், அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கி விரிசல் மெல்ல வளர்ந்து உடைவது, என்று முதல் பார்வையிலேயே தெரிந்தது. ஒரே அடியில் உடைந்த இரும்பில் அந்த வரிகள் விழாது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த வரிகள் இருந்தும் ஏன் ஓவர்லோடு என்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் இருபது நிமிடம் பேசினார். நல்ல பேச்சாளர் வேறு. நீதிபதி தலையாட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் சீனியர் சொன்னது இவ்வளவுதான்: "ஏன்னு கேக்குறதெல்லாம் ஃபேக்டரியோட சரி. இங்க அதைக் கேட்டா, நீ மைக்கை அவர் கையில கொடுத்துட்டேன்னு அர்த்தம்."

நான் கேட்டிருக்க வேண்டியது என்ன? இது உடைந்த ஷாஃப்டின் படம்தானே? இந்த வரிகள் தெரிகின்றனவா? விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும்போது விழும் வரிகள்தானே இவை? உங்கள் அறிக்கையில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, சரிதானே? அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நாலு கேள்வியை எழுத ஃபெட்டீக் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாவதைக் கேட்காமலிருக்க வக்கீலாக இருக்க வேண்டும்.

அப்புறம், நீதிபதிக்குப் புரியும்படி சொல்வது. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலில் தொங்குநடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். கூரையிலிருந்து ஒரே கம்பி கீழிறங்கி மேல்பாதை, கீழ்ப்பாதை இரண்டையும் தாங்குவதாகத்தான் முதல் வரைபடம். பிறகு அதை இரண்டு கம்பியாக்கி, கீழ்ப்பாதையை மேல்பாதையிலேயே தொங்கவிட்டார்கள். மேல்பாதையைத் தாங்கும் நட்டுக்கு இரட்டிப்புச் சுமை. இதைச் சமன்பாடு போட்டு விளக்கினால் நீதிமன்றம் தூங்கிவிடும். ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவது ஒன்று. கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொள்வது வேறு. கயிற்றின் சுமை மாறவில்லை, மேலே இருப்பவர் கைக்குத்தான் ஆபத்து. இதைச் சொன்னால் போதும்.

உங்கள் படிப்பு உண்மையில் பணமாகும் இடம் கோர்ட்டுக்கு வெளியே, ஆவணங்களைக் கேட்டு வாங்கும் கட்டத்தில். மற்ற வக்கீல் "சம்பந்தப்பட்ட ஆவணங்கள் அனைத்தும்" என்று எழுதுவார், நாலு பெட்டி காகிதம் வந்து இறங்கும். நீங்கள் டிராயிங்கின் மூலையில், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் எழுத்து போட்டுக் குறிக்கும் ரிவிஷன் கட்டத்தைப் பார்ப்பீர்கள். பி இருக்கிறது, டி இருக்கிறது, சி எங்கே? சி-யில் எந்த அளவு மாறியது, யார் கையெழுத்து போட்டார்? சோதனை செய்த கேஜுக்கு, அதாவது அளவுக் கருவிக்கு, அது சரியாக அளக்கிறது என்ற காலிபரேஷன் சான்று எந்தத் தேதியோடு முடிந்தது? இல்லாத காகிதத்தைக் கண்டுபிடிக்க, எந்தக் காகிதம் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே. எட்டு வருடம் நீங்கள் படித்தது அதைத்தான்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். ஜூனியராகச் சேரும் முதல் சில வருடங்களில் இப்போதைய சம்பளத்தை மறந்துவிடுங்கள். டெக்னிக்கல் கேஸ் மட்டும்தான் எடுப்பேன் என்று ஆரம்பத்திலேயே அடம்பிடிக்காதீர்கள். கடன் பாக்கி, சொத்துத் தகராறு, அடிதடி என்று சாதாரண வழக்குகளில்தான் சாட்சியைக் கையாளும் பழக்கம் வரும். இப்போதைய நிறுவனத்துக்கு எதிரான வழக்கு தேடி வந்தால் தொடாதீர்கள். அதன் ரகசியங்கள் உங்கள் தலைக்குள் இருக்கின்றன. பேட்டன்ட் விண்ணப்பம் எழுதும் வேலைக்குப் பல நாடுகளில் இன்ஜினியரிங் அல்லது அறிவியல் பட்டம் கட்டாயம் என்பதால் அங்கே உங்களுக்குக் கதவு திறந்தே இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் மேஜை வேலை. நீங்கள் தேடுவது அதுவல்ல என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. பேசித்தான் ஆக வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், நீங்கள் ஆக வேண்டியது வக்கீல் அல்ல, நிபுணர் சாட்சி. இங்கிலாந்தில் 1782-ல் வெல்ஸ் துறைமுகம் மண்மேடிட்டது கரை எழுப்பியதாலா என்ற வழக்கில், எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்டிய ஜான் ஸ்மீட்டன் கருத்து சொல்ல வந்தார். அது வெறும் அபிப்பிராயம் என்று ஆட்சேபம் எழுந்தது. துறை அறிந்தவரின் கருத்தைக் கேட்கலாம் என்றார் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உங்கள் பத்து நிமிடம் கிடைக்கும். சட்டக் கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் இதை யோசித்துவிடுங்கள்.

அந்தப் பம்ப் வழக்கு இன்னும் முடியவில்லை என்றால், அடுத்த வாய்தாவுக்கும் லீவு போட்டுப் போங்கள். உங்கள் வக்கீல் "பேரிங் என்றால் என்ன?" என்று கேட்டபோது நீங்கள் அவர் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்த முறை அதுபோல ஒன்றைக் கேட்டால், நீதிபதியின் பேனாவைப் பாருங்கள்.