எந்த அலி, எந்த டைசன்?

அன்புள்ள சார்,

எங்கள் அறையில் கொஞ்ச நாளாக ஒரே வாக்குவாதம். குத்துச்சண்டையில் நல்ல ஃபார்மில் இருக்கும் மைக் டைசனை முகமது அலியோடு மோதவிட்டால் யார் ஜெயிப்பார்? டைசன் இரண்டாவது ரவுண்டிலேயே முடித்துவிடுவார் என்பது என் கட்சி. ஒரு நண்பன், ராக்கி மார்சியானோ கடைசிவரை தோற்கவே இல்லை, அதனால் அவர்தான் எல்லோருக்கும் மேல் என்கிறான். இன்னொருவன், விவரங்களைக் கணினியில் கொடுத்தால் அதுவே சொல்லிவிடும் என்கிறான். நீங்கள் தீர்ப்பு சொல்லுங்கள்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கணினி நண்பர் சொல்வதை 1967லேயே செய்து பார்த்துவிட்டார்கள். மரே வொரோனர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர், பல காலத்துச் சாம்பியன்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றி, வானொலியில் ஒரு கற்பனைப் போட்டித் தொடரே நடத்தினார். அதில் அலி, 1899ல் பட்டம் வென்ற ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றுப்போனார்! கோபம் வந்து பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார் அலி. சமாதானமாகி, கடைசியில் அலியும் மார்சியானோவும் மோதுவதுபோல 1969ல் மயாமியில் படம் பிடித்தார்கள். அலி பட்டம் பறிக்கப்பட்டுச் சண்டை இல்லாமல் இருந்த நேரம். மார்சியானோவுக்கு 45 வயது. எடையைக் குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ 13வது ரவுண்டில் அலியை நாக் அவுட் செய்தார். ஐரோப்பாவுக்குப் போன பிரதியில் அலி ஜெயித்தார். அந்தக் கணினியை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று கேலி செய்தார் அலி. நிறவெறிக்குப் பேர்போன மாநிலம் அது. மார்சியானோ இதையெல்லாம் பார்க்கவில்லை. படம் வெளிவருவதற்கு முன்பே, 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் இறந்துபோனார்.

மார்சியானோவின் கணக்கு 49 சண்டை, 49 வெற்றி. மறுக்க முடியாது. ஆனால் அவர் பட்டம் வென்ற 1952 செப்டம்பர் சண்டையைப் பாருங்கள். ஜெர்சி ஜோ வால்காட் அவரை முதல் ரவுண்டிலேயே கீழே தள்ளினார். 12 ரவுண்டு முடிந்தபோது புள்ளிகளில் மார்சியானோ பின்தங்கியிருந்தார். 13வது ரவுண்டில் ஒரே ஒரு வலது குத்து, வால்காட் கயிற்றில் சரிந்து அப்படியே அடங்கிவிட்டார். பட்டச் சண்டைக்கு அன்று 15 ரவுண்டு. இன்று 12தான். இன்றைய விதியில் அதே சண்டை நடந்திருந்தால் மார்சியானோ தோற்றவர். அதாவது தோல்விக் கணக்கில் உள்ள அந்தப் பூஜ்யம், விதி எழுதியவர்களுக்கும் கொஞ்சம் கடன்பட்டது. எடையும் இருக்கிறது. அவர் சுமார் 85 கிலோ. இன்று அவரை, மிக அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டுக்குக் கீழே குரூசர்வெயிட்டில்தான் இறக்குவார்கள். எடை மட்டுமே தீர்மானிக்கும் என்றும் நான் சொல்லவில்லை. குரூசர்வெயிட்டிலிருந்து வந்த உக்ரைன் வீரர் உசிக், தன்னைவிடப் பதினைந்து கிலோவுக்கு மேல் கனமான பிரிட்டிஷ் வீரர் டைசன் ஃப்யூரியை 2024ல் இரண்டு முறை ஜெயித்தார்.

அப்புறம், இவரை அவர் அடித்தார், அவரை இன்னொருவர் அடித்தார், ஆகவே என்று போகும் கணக்கு. இந்த விளையாட்டில் அது நிற்காது. ஜோ ஃப்ரேசியர் 1971ல் அலியை வென்றார். கென் நார்ட்டன் 1973ல் அலியின் தாடையை உடைத்து வென்றார். இந்த இருவரையும் ஜார்ஜ் ஃபோர்மன் ஆளுக்கு இரண்டே ரவுண்டில் சுருட்டிப் போட்டார். கணக்குப்படி அலி ஃபோர்மன் முன் நிற்கவே கூடாது. ஆனால் 1974ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் இருவரும் மோதியபோது எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன். ஒரே காலத்தில், ஒரே விதியில் மோதியவர்களுக்கே இந்தக் கதி. குனிந்தபடி முன்னேறிக்கொண்டே வரும் ஃப்ரேசியரின் பாணி அலிக்குத் தலைவலி. அதே பாணி, கீழிருந்து மேல்நோக்கி வரும் ஃபோர்மனின் அப்பர்கட் குத்துக்குத் தலையைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஆனது. யார் பெரியவர் என்பதைவிட யாருடைய பாணி யாரை மாட்டவைக்கும் என்று கேட்பதுதான் சரி.

இனி உங்கள் கேள்வி. தேதியைச் சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. 1980ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில், எம்.ஜி.ஆர். இருக்க, ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டதும் அலிதான். அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கியதும் அலிதான். அந்த அலியை டைசன் நீங்கள் சொன்னபடியே முடித்துவிடுவார். நான் 1966 நவம்பரில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை ஆட்டிவைத்த அலியையும், 1988ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்த டைசனையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மூன்று ரவுண்டில் அலி ஒருமுறையாவது கீழே விழுவார். கையைத் தாழ்த்தி, தலையைப் பின்னால் இழுத்துத் தப்பிப்பது அவர் வழக்கம். 1963ல் ஹென்றி கூப்பரும் 1971ல் ஃப்ரேசியரும் அவரைக் கீழே தள்ளியது இடது ஹூக்கில்தான், அதாவது பக்கவாட்டில் வளைத்துவிடும் குத்தில். டைசனின் இடது ஹூக் அவர்களுடையதைவிட வேகம். ஆனால் அலி இரண்டு முறையும் எழுந்தார். டைசனுக்கு இடைஞ்சல் கொடுத்தவர்கள் யார்? 1987ல் கட்டிப்பிடித்தே 12 ரவுண்டு ஓட்டிய போன்க்ரஷர் ஸ்மித், 1990ல் டோக்கியோவில் நீண்ட இடது ஜாப்பால் (கையை நேராக நீட்டிவிடும் குத்து) அவரைத் தள்ளியே நிறுத்தி, பத்தாவது ரவுண்டில் சாய்த்த பஸ்டர் டக்ளஸ். அலியிடம் இரண்டும் உண்டு. கிட்டே வந்தவரின் பிடரியில் கை போட்டு அமுக்குவது அவர் கைவந்த கலை, நடுவர் கண்டிப்பானவராக இருந்தால் மட்டும் கஷ்டம். ஆறாவது ரவுண்டுக்கு மேல் டைசனின் குத்துகள் தொடராக இல்லாமல் ஒவ்வொன்றாக வர ஆரம்பிக்கும். பத்தாவதுக்குள் அலி முடித்துவிடுவார் என்பது என் கட்சி.

இதே கணக்கில் 1988 டைசனை 1973 ஃபோர்மனோடு விட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை, ஃபோர்மன்தான், அதுவும் சீக்கிரமே. ஃப்ரேசியர் நுழைந்த வழியாகத்தான் டைசனும் நுழைந்தாக வேண்டும்.